டெர்ரி, டர்க்கி, தேங்காய்ப்பூ: மூன்றும் ஒரே துண்டுதானா? சொல் எங்கிருந்து வந்தது?

கடைவீதி_வேலூர் (கேள்வி)

வணக்கம். லாங்கு பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்குத் தமிழில் விலைச்சீட்டு தயாராகிறது. குளியல் துண்டுப் பிரிவுக்கு வந்ததும் சிக்கல். மொத்த வியாபாரியின் பில்லில் "டெர்ரி டவல்" என்று இருக்கிறது. வயதானவர்கள் "டர்க்கி டவல் எடுத்துப் போடுப்பா" என்கிறார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கமிருந்து வருகிறவர்கள் "தேங்காய்ப்பூத் துண்டு" என்று கேட்கிறார்கள். சீட்டில் "டெர்ரி" என்று எழுதினால், "டெரிகாட்டன் கலந்ததா? அப்படின்னா தண்ணி உறிஞ்சாதே" என்று வைத்துவிட்டுப் போகிறார்கள்.

தெரிய வேண்டியவை: இந்த மூன்றும் ஒன்றா? "டெர்ரி" எந்த மொழிச் சொல், என்ன பொருள்? டெரிகாட்டனுக்கும் இதற்கும் உறவு உண்டா? "துவாலை" என்றே எழுதிவிடலாமா, அது தமிழ்ச்சொல்தானே?

சொல்வேர்

டெரிகாட்டனை முதலில் தீர்த்துவிடுவோம், விற்பனையைக் கெடுப்பது அதுதான். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

டெரிகாட்டனில் உள்ள "டெரி", "டெரிலின்" என்ற பெயரின் தலைப்பகுதி. டெரிலின் என்பது பாலியஸ்டர் இழை. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டுபிடித்தது. டெரிஃப்தாலிக் அமிலம், எத்திலீன் கிளைக்கால் இரண்டையும் வினைப்படுத்தி அதைச் செய்கிறார்கள். அமிலத்தின் பெயரிலிருந்து "டெரி", எத்திலீனிலிருந்து "லின்". அந்த இழையோடு பருத்தி சேர்ந்தால் டெரிகாட்டன்.

துண்டில் வரும் "டெர்ரி" அதைவிட மிகப் பழைய சொல். ஆங்கிலத்தில் 1784இலேயே எழுத்தில் இருக்கிறது. பாலியஸ்டர் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே புழங்கிய சொல்லில் பாலியஸ்டர் எப்படி வரும்? எழுத்திலும் வேறுபாடு உண்டு: துண்டுக்கு "ர்ரி", சட்டைத் துணிக்கு "ரி". கடைச்சீட்டில் இந்த ஒற்றை விடாமல் எழுதுங்கள்.

இனிப் பொருள். வெல்வெட் நெய்யும்போது துணியின் முகத்தில் நூல் சின்னச் சின்ன வளையமாக எழும். வளையத்தின் தலையை வெட்டிவிட்டால் வெல்வெட். வெட்டாமல் வளையமாகவே விட்டால் அதுதான் டெர்ரி. ஆக, இது நூலின் பெயரும் இல்லை, ஊரின் பெயரும் இல்லை. நெசவின் பெயர். பருத்தி, பட்டு, கம்பளி எதிலும் டெர்ரி நெய்யலாம். அந்தக் காலத்தில் மெத்தை, நாற்காலி உறைக்கெல்லாம் டெர்ரி வெல்வெட் இருந்திருக்கிறது. குளியல் துண்டுக்கு இந்தப் பெயர் வந்து ஒட்டியது பின்னால்தான்.

பிறப்பு பற்றி அகராதிகள் "இருக்கலாம்" என்ற சொல்லோடுதான் பேசுகின்றன. பிரெஞ்சில் "திரே" என்றால் "இழுக்கப்பட்டது". "திரேர்", இழு என்ற வினையிலிருந்து வந்தது. நூலை இழுத்து வளையமாக நிறுத்துவதால் அந்தச் சொல் ஆங்கில வாயில் திரிந்து "டெர்ரி" ஆகியிருக்கலாம் என்பதே பரவலான கருத்து. நெசவுக்குப் பொருந்தி வருகிறது, ஒலியும் அருகில் இருக்கிறது. இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல இடமில்லை.

மற்ற மொழிக்காரர்கள் இதே துணியை வேறு கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மானியர் "ஃப்ரோத்தே" என்பார்கள். தேய்த்தல் என்னும் பிரெஞ்சு வினையிலிருந்து எடுத்தது. பிரெஞ்சுக்காரர்களோ "எபோன்ஜ்", அதாவது கடற்பஞ்சு. துருக்கியில் "ஹவ்லு": "ஹவ்" என்றால் துணியின் மேல் எழும் பூ, "ஹவ்லு" பூவுடையது. நம் "தேங்காய்ப்பூ" பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்தது இதுதான். துருவிய தேங்காயைத் தட்டில் பரப்பினால் எப்படி வெள்ளை வெளேரென்று சுருள் சுருளாக நிற்கிறதோ அப்படித் துணி நிற்கிறது என்று பார்த்தவர் வைத்த பெயர். "பூந்துவாலை" என்றும் சொல்வதுண்டு. இவ்வளவு கச்சிதமான பெயர் இருக்கும்போது அதைப் பட்டிக்காட்டுப் பேச்சு என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை.

பாலாற்றங்கரை

டர்க்கி என்பதுதான் தேய்ந்து டெர்ரி ஆனது என்று கேள்விப்பட்டேனே? டர்க்கி, டெர்க்கி, டெர்ரி. ஒலி ஒத்துப்போகிறதே.

சொல்வேர்

ஒலி ஒத்துப்போகிறது, காலம் ஒத்துப்போகவில்லை ஐயா. "டெர்ரி" 1784இல் இருக்கிறது, அதுவும் வெல்வெட் வகைத் துணிக்கு. துருக்கித் துண்டு இங்கிலாந்துக்குப் போனது 1850ஐ ஒட்டி. ஹென்றி கிறிஸ்டி என்பவர் உஸ்மானியப் பேரரசில் பயணம் செய்தபோது அங்கே கையால் நெய்த வளையத் துண்டைப் பார்த்து மாதிரி கொண்டுவந்தார். அதை இயந்திரத்தில் நெய்யும் வழியைச் சாமுவேல் ஹோல்ட் வகுத்தார். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அந்தத் துண்டு வைக்கப்பட்டது. அதற்குப் பிறகே "டர்க்கிஷ் டவல்" என்ற பெயர் வெள்ளைக்காரர்களின் வணிகத்தோடு இங்கே வந்து "டர்க்கி டவல்" ஆனது.

எனவே டர்க்கி என்பது துண்டு வந்த வழியைச் சொல்கிறது. டெர்ரி நெசவைச் சொல்கிறது. தேங்காய்ப்பூ தோற்றத்தைச் சொல்கிறது. கடையில் மூன்றும் ஒரே சரக்கு.

ஒரு எச்சரிக்கை. அண்மைக் காலமாக "டர்க்கிஷ் டவல்" என்ற பெயரில் வளையமே இல்லாத, தட்டையான, ஓரத்தில் குஞ்சம் வைத்த மெல்லிய துண்டும் இணையத்தில் விற்கிறது. அது துருக்கிக் குளியலறைகளில் இடுப்பில் கட்டும் "பெஷ்டமல்". வேறு சரக்கு. படம் பார்த்து ஆர்டர் போடுங்கள்.

குடியாத்தம்_பாவு

பெயரைப் பற்றி அண்ணன் சொன்னது சரி. "இழுக்கப்பட்டது" என்ற பொருள் தறியில் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் நல்ல துண்டு எது, கெட்டது எது என்றும் தெரிந்துவிடும்.

நம் ஊர் லுங்கித் தறியில் பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) ஒன்று. டெர்ரித் தறியில் பாவு இரண்டு, இரண்டும் தனித்தனிப் பீமில் (நூல் சுற்றிய உருளையில்) இருக்கும். ஒன்று கிரவுண்ட் பாவு, அதாவது அடிப் பாவு, இது விறைப்பாக நிற்கும். மற்றது பைல் பாவு, அதாவது பூவாக எழ வேண்டிய நூல். இதைத் தளர்வாக விட்டிருப்பார்கள்.

ஊடை (குறுக்கு நூல்) ஓடும் கணக்கு மூன்று மூன்றாக வரும். முதல் ஊடையை அச்சு (ஊடையைத் துணியோடு அடித்துச் சேர்க்கும் சீப்பு) முழுதாகக் கொண்டுபோய் அடிக்காது. நெய்த துணியின் விளிம்புக்குச் சற்றுத் தள்ளியே நிறுத்திவிடும். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஊடைக்கு அச்சு முழு வீச்சாகப் போய், மூன்றையும் சேர்த்துத் துணி விளிம்போடு அறைந்துவிடும். அப்போது விறைத்து நிற்கும் கிரவுண்ட் பாவின் மேல் மூன்று ஊடையும் வழுக்கிக்கொண்டு போகும். தளர்ந்த பைல் பாவு அந்த ஊடைகளின் பிடியில் சிக்கிக் கூடவே இழுபட்டு, போக இடமில்லாமல் வளையமாக எழுந்துவிடும். பாதி நூல் மேல் முகத்தில், பாதி நூல் அடி முகத்தில். இதற்குத்தான் த்ரீ பிக் டெர்ரி என்று பெயர்.

வளையத்தின் உயரம் அந்த இடைவெளியைப் பொறுத்தது. விளிம்பிலிருந்து 12 மி.மீ. தள்ளி நிறுத்தினால் 12 மி.மீ. நூல் மடங்கி, ஏறக்குறைய 6 மி.மீ. உயர வளையம் வரும். நூல் செலவும் இங்கேதான். 1 மீட்டர் துண்டுக்குக் கிரவுண்ட் பாவு 1 மீட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான் போகும். பைல் பாவு பூவின் உயரத்தைப் பொறுத்து 3 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரைகூட இழுக்கும். டெர்ரித் துண்டு சாதாத் துண்டைவிட விலை கூடுவதற்குக் காரணம் இந்த நூல்தான், பெயர் இல்லை.

தவறு எங்கே வரும் என்றால்:

பைல் பீம் இறுகிவிட்டால் பூ எழாது, அந்த இடம் மொட்டையாகத் தெரியும். துண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குறுக்குக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். பீம் ஒரே சீராக நூல் விடாவிட்டால் பூ ஒரு வரிசை உயரம், ஒரு வரிசை குட்டை.

கிரவுண்ட் பாவு தளர்ந்தால் அது இன்னும் மோசம். மூன்றாவது அடியில் ஊடை வழுக்குவதற்குப் பதில் துணி விளிம்பே பின்னால் போய்விடும். பூவின் பிடி இளகி, விரல் நகம் பட்டாலே நூல் நீளமாக வந்துவிடும். வாங்குமுன் ஒரு வளையத்தை ஊசி முனையால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். பக்கத்து வளையம் சுருங்கிக்கொண்டே போனால் அந்தச் சரக்கு வேண்டாம். வீட்டில் ஒரு வளையம் நீண்டுவிட்டால் இழுக்கவே கூடாது, கத்தரிக்கோலால் துணியோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். அடியில் மூன்று ஊடை பிடித்திருப்பதால் பிரியாது.

கரைப் பட்டை பற்றியும் சொல்ல வேண்டும், கடைக்காரர்களுக்கு அதிகமாகத் திரும்பி வரும் குறை இது. துண்டின் இரு முனையிலும் பூ இல்லாமல் டிசைன் போட்ட பட்டை இருக்கும். அந்த இடத்தில் பூ எழுப்பாமல் தட்டையாக நெய்வார்கள். வளையத்தில் இருக்கும் தளர்ச்சி அங்கே கிடையாது, பல நேரம் ஊடையும் வேறு நூல். நான்கைந்து சலவையில் பட்டை சுருங்கி, உடல் பகுதி சுருங்காமல், துண்டு பாவாடை கொசுவம் மாதிரி ஆகிவிடும். பட்டை அகலம் குறைவாக உள்ள துண்டாகப் பார்த்து எடுங்கள்.

லுங்கி நெய்கிறவர்கள் அதே தறியில் டெர்ரி போடலாமா என்று கேட்பதுண்டு. அப்படியே போட முடியாது. இரண்டாவது பீமும் அதற்குத் தனியாக நூல் விடும் அமைப்பும், இரண்டு ஊடைக்கு ஒதுங்கி மூன்றாவதற்கு முழுதாக அடிக்கும் அச்சு இயக்கமும் வேண்டும்.

எழுத்தறிவன்

துவாலை பற்றி யாரும் சொல்லவில்லையே. தலை துவட்டுகிறோம். துவட்டுவதற்கு உரியது துவாலை. இதைவிடத் தெளிவான தமிழ்ச்சொல் வேறென்ன வேண்டும்?

சொல்வேர்

"துவட்டு" தமிழ் என்பதில் ஐயமே இல்லை. நாகர்கோவில் பக்கம் "துவர்த்து" என்று துண்டுக்கே பெயர், மலையாளத்தில் "தோர்த்து". ஈரம் புலர்வதைக் குறிக்கும் "துவர்" என்னும் வினையிலிருந்து வந்த குடும்பம் அது.

ஆனால் "துவாலை" அந்தக் குடும்பம் இல்லை. போர்ச்சுகீசிய மொழியின் "தோஆல்யா" நம் வாயில் துவாலை ஆனது. சான்று என்னவென்றால், அதே சொல் போர்ச்சுகீசியர் கால் வைத்த இடமெல்லாம் கிடைக்கிறது. மலையாளத்தில் "துவால", தெலுங்கில் "துவ்வாலு", இந்தி உருதுவில் "தௌலியா", மலாய் மொழியில் "துவாலா". துவட்டு என்ற தமிழ் வினையிலிருந்து பிறந்திருந்தால் மலாய்க்காரரும் இந்திக்காரரும் அதே ஒலியோடு வைத்திருக்க வழியில்லை. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை வந்த அதே கப்பலில் வந்த சொல்.

இன்னொன்று. ஆங்கில "டவல்" பழைய பிரெஞ்சு வழி வந்தது. அதற்கும் தோஆல்யாவுக்கும் மூலம் ஒன்றே, "கழுவு" என்று பொருள்படும் பழைய ஜெர்மானிய வினை. ஆம்பூர், வாணியம்பாடியில் ஒரு வீட்டில் "தௌலியா", பக்கத்து வீட்டில் "துவாலை", எதிர்வீட்டில் "துவ்வாலு", கடைப் பலகையில் "டவல்". நாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

அதற்காகத் துவாலையைத் தள்ள வேண்டியதில்லை. நூற்றாண்டுகளாக நம்மிடம் புழங்குகிறது, அது நம்முடையது. ஆனால் உங்கள் சீட்டுக்கு அது போதாது. துவாலை என்பது எந்த நெசவுக்கும் பொது. ஈரிழைத் துண்டும் துவாலை, தேன்கூட்டு நெசவுத் துண்டும் துவாலை.

எழுத்தறிவன்

மலாய்ச் சொல் இருப்பது தெரியாமல் பேசிவிட்டேன். ஏற்கிறேன். ஆனால் "துவட்டு" காதில் இருந்ததால்தான் "துவாலை" இங்கே இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டது என்பேன்.

சொல்வேர்

அப்படி நடந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கடைவீதி_வேலூர்

அனைவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் மீதி. துண்டில் பாலியஸ்டர் உண்மையிலேயே கலந்திருந்தால் கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டாவது, "புதுத் துண்டு தண்ணியை எடுக்கல, வழுக்குது" என்றும், "நாலு மாசத்துல அட்டை மாதிரி ஆயிடுச்சு" என்றும் வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

குடியாத்தம்_பாவு

கலப்பைப் பார்க்க எரித்துப் பார்ப்பதுதான் வழி. பூ நூல் ஒன்று, அடி நூல் ஒன்று, இரண்டையும் தனித்தனியாக உருவுங்கள். சேர்த்து எரித்தால் குழப்பிவிடும். பருத்தி காகிதம் போல எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பல் விடும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். இடுக்கியில் பிடித்துச் செய்யுங்கள், உருகிய சொட்டு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.

அடிப் பாவில் மட்டும் கொஞ்சம் பாலியஸ்டர் இருப்பது ஏமாற்று வேலை இல்லை. ஓட்டல், மருத்துவமனைச் சலவைக்குத் தாங்க வேண்டும் என்று அப்படி நெய்வதுண்டு. பூவில் இருந்தால்தான் தவறு. பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 8 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் வைத்திருக்கும், பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட வைத்திருக்காது. துடைக்கும் வேலை முழுக்கப் பூவின் வேலை.

எடையும் பாருங்கள். 75 × 150 செ.மீ. துண்டு 1.125 சதுர மீட்டர். 400 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 400 கிராம்) என்று எழுதியிருந்தால் தராசில் 450 கிராம் வர வேண்டும், 500 என்றால் 560க்குச் சற்று மேல். ரொம்பக் குறைந்தால் எழுதியது பொய். வேலூர் வெயிலில் 400க்குள் இருப்பது நல்லது, மழைக்காலத்திலும் காயும். 600க்கு மேல் போனால் ஐப்பசி கார்த்திகையில் ஈர வாடை நிற்கும்.

ஒரு முகம் வெல்வெட் மாதிரி வழவழவென்று இருக்கும் துண்டும் வருகிறது. அந்தப் பக்கம் வளையத்தின் தலையைச் சீவியிருப்பார்கள். பார்க்க அழகு, ஆனால் சீவிய முகம் தண்ணீரைக் குறைவாகத்தான் எடுக்கும். மறுபக்கத்தால் துடைக்கச் சொல்லுங்கள்.

சலவைத்துறை_காட்பாடி

புதுத் துண்டு வழுக்குவதற்குக் காரணம், கடையில் தொட்டால் மெத்தென்று இருக்க ஆலையில் கடைசியாக ஏற்றும் மென்மைப்பூச்சு, பெரும்பாலும் சிலிகான். பூவின் மேல் மெழுகு தடவியது போல உட்கார்ந்திருக்கும். முதல் முறை பயன்படுத்துமுன் இரண்டு தடவை, வெந்நீரில், வழக்கமான டிடர்ஜென்ட்டில் பாதி அளவு போட்டுத் துவைக்கச் சொல்லுங்கள். வேறு துணி சேர்க்க வேண்டாம், முதல் சலவையில் பஞ்சு உதிரும். சோதிக்க வேண்டுமானால் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை வாளித் தண்ணீரின் மேல் மெல்லப் போடுங்கள். சில விநாடியில் நனைந்து மூழ்கினால் பூச்சு போய்விட்டது. மிதந்துகொண்டே இருந்தால் இன்னொரு சலவை.

அட்டையாவதற்குக் காரணம் நம் தண்ணீர். இந்தப் பக்கத்துப் பல போர்வெல்களில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் கூடுதல். பார் சோப்புப் போட்டால் அந்த உப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகி வளையத்துக்குள் உட்கார்ந்துவிடும். டெர்ரியில் ஒளிய இடம் ஏராளம், சாதாத் துண்டில் இல்லை. அதனால்தான் ஈரிழைத் துண்டு அதே தண்ணீரில் நன்றாக இருக்கிறது, டெர்ரி கெட்டுப்போகிறது.

மீட்க: 5 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 100 மி.லி. வெள்ளை வினிகர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவைத்து நன்றாக அலசவும். பிறகு வேறு வெந்நீரில் 2 மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டு அரை மணி நேரம், மறுபடி அலசல். இரண்டையும் ஒரே வாளியில் போட்டால் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு வேலைக்கு ஆகாது. வினிகரோடு பிளீச்சிங் பவுடர் எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு வரும், உயிருக்கு ஆபத்து. துணி மென்மைத் திரவம் டெர்ரிக்கு வேண்டவே வேண்டாம், மறுபடி அதே பூச்சுதான்.

காயப்போடுமுன் இரு முனையையும் பிடித்துப் பத்து உதறு உதற வேண்டும். படுத்த வளையங்கள் எழுந்து நிற்கும். சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதில் போட்டால் படுத்த பூ படுத்தபடியே விறைத்துப்போகும். காற்றோட்டமான நிழல் போதும். காய்ந்த பின் இன்னொரு முறை உதறல். மெஷினில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் அலசல் போதாது, பிசுக்கு தங்கிவிடும்.

சொல்வேர்

சீட்டுக்கு ஒரு வாசகம்: "தேங்காய்ப்பூத் துண்டு (டெர்ரி நெசவு), பூ 100% பருத்தி, 75 × 150 செ.மீ., 450 கிராம்." பலகையில் மட்டும் பெரிதாக "டர்க்கி டவல்" என்று போடுங்கள், பெரியவர்கள் அதைத்தான் தேடுவார்கள். பூ 100% பருத்தி என்ற மூன்று சொல்லை எழுதுமுன் பாவு அண்ணன் சொன்னபடி ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு நூலை எரித்துப் பார்த்துவிடுங்கள்.

கடைவீதி_வேலூர்

அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எடையை மட்டும் ஒவ்வொரு கட்டிலும் மூன்று துண்டு நிறுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறோம்.